கூடம் கோணலாக இருந்தால்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய இந்தப் பழமொழியை நானாக ஒருவரைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு முறைதான். என் பட்டறையில், வாடிக்கையாளர் ஒருவர் முன்னால், என்னிடம் வேலை பார்த்த 22 வயதுப் பையனிடம் சொன்னேன். அன்றைக்குக் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. கோணலாக்கியவனும் நான்தான். இது எனக்குத் தெரியவர பத்து நாட்கள் ஆயின.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில் என் பட்டறை. நான் ஆசாரிக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. சென்னையில் கணினி முன்னால் சில வருடங்கள் உட்கார்ந்துவிட்டு, கையால் எதையாவது செய்தாக வேண்டும் என்ற ஆசையில் ஊர் திரும்பியவன். இந்த மாதிரி ஆசைக்காரர்களைப் பற்றி ஊரில் உள்ள நிஜமான ஆசாரிகளுக்கு என்ன கருத்து என்பதை நான் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும். எனக்குக் கிடைக்கும் மரம் பெரும்பாலும் இடித்த வீடுகளின் மரம். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கொண்டுவந்த தேக்கு, செட்டிநாட்டு வீடுகளின் தூணிலும் உத்திரத்திலும் இன்னமும் இருக்கிறது. வீடு இடிபடும்போது அது சாலையோரக் கடைகளுக்கு வந்துவிடும். அதை வாங்கி, மெல்லிய பலகைகளாக அறுத்து, பெட்டி, மேசை, சின்னக் கதவுகள் செய்கிறேன். அப்படி அறுப்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு பேண்ட் சா.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி, ஒரு பக்கம் பல் வெட்டிய மெல்லிய எஃகுப் பட்டை. சக்கரம் சுழலும்போது பட்டை மேலிருந்து கீழாக ஓடும், நடுவில் இருக்கும் இரும்பு மேசைமேல் மரத்தை வைத்துத் தள்ள வேண்டும். யோசனை பழசு. 1809-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பட்டையின் இரண்டு முனைகளையும் அறுந்துபோகாதபடி ஒட்டுவது யாருக்கும் பிடிபடாததால் இயந்திரம் பல வருடங்கள் காகிதத்தில்தான் இருந்தது. அந்த ஒட்டைச் சரிசெய்த பெருமையை 1846-இல் காப்புரிமை பெற்ற ஆன் பவுலின் கிரெபாங் என்ற பிரெஞ்சுப் பெண்மணிக்குத் தருகிறார்கள்.

என்னுடையது 14 அங்குலச் சக்கரம் உள்ள சின்ன இயந்திரம். பட்டை சுமார் 8 அடி நீளம், அங்குலத்துக்கு 3 பல். மொத்தம் 280 பல் இருக்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 அடி வேகத்தில் ஓடுவதால், ஒவ்வொரு பல்லும் நொடிக்கு 6 தடவை உங்கள் மரத்தைக் கடந்து போகிறது. பற்கள் ஒரே நேர்கோட்டில் இருக்காது. ஒன்று இடப்பக்கம் லேசாக வளைந்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். இந்த வளைவுக்கு 'செட்' என்று பெயர். கோணலான பற்கள் இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால்தான் வெட்டு நேராகப் போகிறது. எனக்கு இந்த விஷயம் முதலில் ஒரு வேடிக்கையாகத் தோன்றியது. பிறகு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

பட்டைக்குப் பக்கத்தில், மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கு ஒரு நேரான இரும்புச் சட்டம் இருக்கும். அதை ஃபென்ஸ் என்போம். வேலி. பட்டைக்கும் வேலிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அவ்வளவு கனத்தில் பலகை விழும். விழ வேண்டும்.

அந்தப் பையன் என்னிடம் ஒன்றரை வருடம் இருந்தான். அப்பா ஆசாரி. நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். கடைசி மூன்று நான்கு மாதங்களில் அவன் வேலையில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். ஃபென்ஸை அப்படியே பயன்படுத்தாமல், வேப்பங்கட்டை ஒன்றை அரைவட்டமாகச் சீவி, அதன் முட்டு பட்டையின் பல்லுக்கு நேர் எதிரே வருகிற மாதிரி ஃபென்ஸின்மேல் இறுக்கி வைத்துக்கொண்டான். மரம் அந்த ஒரு முட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு போகும். வால்முனை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். மரத்தின் தலைமேல் பென்சிலால் கோடு போட்டு, கோட்டைப் பார்த்துப் பார்த்து, கையால் திருப்பித் திருப்பித் தள்ளுவான். மெதுவான வேலை. பலகை நேராகத்தான் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. நேரான சட்டம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்க, இவன் ஏன் ஒரு கட்டையோடு விளையாடுகிறான்? ஒருமுறை கேட்டேன். "இது தோதா இருக்குண்ணே" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாடிக்கையாளர் சென்னையில் இருந்து வந்திருந்தார். பூர்வீக வீட்டை இடித்துவிட்டார்கள். ஒரே ஒரு உத்திரத்தை மட்டும் காப்பாற்றி எடுத்துவந்து, பூஜை அறைக்கு இரட்டைக் கதவு செய்து கேட்டார். அடுத்தடுத்து அறுத்த பலகைகளைப் புத்தகம் விரித்த மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரேகைகள் கண்ணாடி பார்த்ததுபோல ஒன்றையொன்று பார்க்கும். அப்படிச் செய்வதாகச் சொல்லியிருந்தேன். நாலடி நீளம், 5 அங்குல உயரம், 4 நூல் கனம். எங்கள் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அவர் அறுப்பதைப் பார்க்க ஆசைப்பட்டார். அவர் முன்னால் அந்த வேப்பங்கட்டை எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

"அதை எடுத்துட்டு முறையா பண்ணு தம்பி" என்றேன்.

"இல்லண்ணே, இதுலயே..."

"எடு."

எடுத்தான். ஃபென்ஸை ஒட்டித் தள்ளினான். பலகை விழுந்தபோது ஒரு முனையில் 4 நூலும் மறுமுனையில் 6 நூலும் இருந்தது. இதில் கூடுதலாகப் போன 2 நூல் அடுத்த பலகையில் குறைந்துவிட்டது. ஒரே வெட்டில் இரண்டு பலகைகள் போயின. உத்திரத்துக்கு மாற்று கிடையாது.

"அண்ணே, பிளேடு ஒரு பக்கமா இழுக்குதுண்ணே" என்றான் தம்பி.

அப்போதுதான் பழமொழியைச் சொன்னேன். வாடிக்கையாளர் சிரித்தார். பழமொழி எதற்கு இருக்கிறது, அந்த இடத்தில் ஒரு சிரிப்பை வாங்கத்தானே? வாரக் கடைசியில் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் பண்ணவில்லை நான். கோபம் எனக்கா அவனுக்கா என்ற போட்டியில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, சின்னப் பெட்டி ஒன்றுக்காக நானே அறுக்க உட்கார்ந்தேன். ஃபென்ஸை ஒட்டித் தள்ளினேன். பலகை ஆப்பு மாதிரி விழுந்தது. சரி, கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். (என் கைக்கு நான் கொடுத்த இந்தச் சலுகையைக் கவனிக்கவும்.) இன்னொன்று அறுத்தேன். அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு. மூன்றாவதும் அப்படியே. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூன்று பலகைகளையும் அடுக்கிப் பார்த்தேன். மூன்றும் ஒரே மாதிரி கோணியிருந்தன. நல்லாப் பழகிய ஒருவன் வேண்டுமென்றே செய்த மாதிரி.

அன்றைக்கு முழுக்க இயந்திரத்தைப் பிரித்து, முதலிலிருந்து ஒழுங்குபடுத்தினேன். இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. எனக்கு அந்த வரிசை முன்பே தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் வாங்கிய நாளில் செய்தது தவிர அதன்படி நான் எதையும் செய்ததில்லை.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிறகு பட்டையின் இரு பக்கமும் பின்னாலும் அதைத் தாங்கும் பேரிங்குகளை எல்லாம் தளர்த்தி, பட்டையைத் தொடாத தூரத்துக்கு விலக்க வேண்டும். தாங்குகிற எதுவும் தொடாதபோதுதான் பட்டை தன்னிஷ்டத்துக்கு எங்கே ஓடுகிறது என்று தெரியும். அடுத்து இழுவிசை. பட்டையை இறுக்கி, நடுவில் விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் 2 நூலுக்கு மேல் போகக் கூடாது. அதன்பின் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, அதன் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். சக்கரத்தின் ரப்பர் விளிம்பு தட்டையாக இருக்காது, நடுவில் லேசாக மேடு தட்டியிருக்கும். பற்களுக்கு இடையில் இருக்கும் பள்ளம் அந்த மேட்டுக்கு நேராக வருகிறவரை சாய்க்க வேண்டும். என்னுடையதில் பட்டை பின்னுக்கு ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக.

பிறகு மேசை. மூலைமட்டத்தைப் பட்டையோடு ஒட்டி வைத்து மேசை செங்குத்தா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பிறகுதான் பேரிங்குகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு தாள் நுழைகிற இடைவெளி விட்டு, பற்களைத் தொடாமல், பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால். பின்புற பேரிங்கும் அப்படியே, சும்மா ஓடும்போது தொடக் கூடாது, மரம் தள்ளும்போது மட்டும் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஃபென்ஸ்.

ஆனால் வெட்டு கோணினால் நம் கை முதலில் போவது ஃபென்ஸுக்குத்தான். அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குத்தான் கைப்பிடி சுலபமாக இருக்கிறது. இல்லையென்றால் தள்ளுகிற ஆளின் கையைப் பிடிக்கிறோம். சக்கரத்தின் சாய்வைப் பார்க்க மூடியைத் திறக்க வேண்டும், வேலையை நிறுத்த வேண்டும், அரை நாள் கூலி நஷ்டம். வீட்டிலும் அலுவலகத்திலும் புது விதிகள் ஏன் இவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தேன். முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் இழுத்தது. அதே பக்கம்.

சாயங்காலம், பூதக்கண்ணாடியோடு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து 280 பல்லையும் வரிசையாகப் பார்த்தேன். ஃபென்ஸைப் பார்த்து வளைந்திருந்த பற்களின் முனைகள் ஒரு பெரிய பகுதி முழுக்க மழுங்கிப் பளபளவென்று இருந்தன. எதிர்ப்பக்கப் பற்கள் ஏறக்குறைய கூராகவே இருந்தன. ஒரு பக்கம் மழுங்கினால் கூரான பக்கம் ஜெயித்துவிடும். பட்டை அந்தப் பக்கமாக ஊர்ந்துகொண்டே போகும். எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் இது தீராது. பட்டையை மாற்ற வேண்டும், அல்லது சாணை பிடிக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் எப்படி மழுங்கும்? பழைய உத்திரத்துக்குள் இருக்கும் ஆணி, வெட்டுக்கு நடுவில் வந்தால் எல்லாப் பல்லையும் கெடுக்கும். ஓரமாக உரசினால் ஒரு பக்கத்தை மட்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. தம்பி லீவு. நான் தனியாக ஒரு தூண் துண்டை அறுத்துக்கொண்டிருந்தபோது கிர்ரென்று ஒரு சத்தம், இரண்டு பொறி. நிறுத்தினேன். பட்டையைத் தொட்டுப் பார்த்தேன், பல் எதுவும் உடையவில்லை. ஆணியைக் குறட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை அறுத்து முடித்தேன். திங்கட்கிழமை அவனிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம்தான். ஆனால் அது அவ்வளவு சரியான சொல் இல்லை. வேலைக்காரனிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வேப்பங்கட்டை வந்திருக்கிறது.

கோணல் இயந்திரத்தை வைத்து ஒருவன் மூன்று நான்கு மாதம் நேரான பலகைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டைத் திருப்பி, பட்டை இழுக்கும் பக்கத்துக்கு எதிராக மரத்தைச் சாய்த்து. பலகை நேராக இருந்ததால் அவன் சாய்ந்தது எனக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய மெதுவும் அந்த அசிங்கமான கட்டையும். கோணலைச் சரிக்கட்டுவதற்காக வளைந்தவன்தான் கோணலாகத் தெரிந்தான்.

என் அம்மா நினைவுக்கு வந்தார். அப்பாவுக்குக் கோபம் வரும் நேரங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கு அரை மணி முன்னாலேயே தெரியும். சாப்பாட்டு நேரம், ரேடியோவின் சத்தம், நாங்கள் பேசும் விஷயங்கள் எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்திக்கொண்டே இருப்பார். வருகிறவர்கள், "என்ன ஒழுங்கான வீடு, சார் அப்படி வச்சிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மாவைப் பற்றிச் சொல்வது, "அவங்க கொஞ்சம் படபடப்பு."

மர வேலைக்காரர்களிடையே இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி சொல்கிறது: ஒவ்வொரு பட்டைக்கும் தனக்கென்று ஒரு சாய்வு இருக்கிறது, அதோடு சண்டை போடாதே. ஒரு மரத்துண்டில் கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாமல் கையால் அந்தக் கோட்டில் அறு. பாதியில் நிறுத்திப் பார்த்தால் மரம் என்ன சாய்வில் நிற்கிறதோ அதுதான் பட்டையின் சுபாவம். ஃபென்ஸை அந்தச் சாய்வில் திருப்பி வைத்துவிடு, பலகை நேராக வரும். இன்னொரு கட்சி, சுபாவம் என்று ஒன்றும் கிடையாது என்கிறது. பட்டை நல்லதாக இருந்து, சக்கரத்தில் சரியான இடத்தில் ஓடினால் ஃபென்ஸ் மேசைக்கு நேராக நின்றாலே போதும். சாய்வு என்பது எங்கோ இருக்கும் ஒரு குறையின் அறிகுறி.

முதல் வழியிலும் நல்ல பலகை கிடைக்கும். நானே பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டாவது கட்சிக்காரர்களின் அலட்டல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படும். ஆனால் அன்றைக்கு மழுங்கிய பட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, புதுப் பட்டை வாங்காமல் ஃபென்ஸைத் திருப்பி வைத்துவிடலாமா என்ற எண்ணம் வந்ததும் அதன் விலை புரிந்தது. பட்டை நாளுக்கு நாள் இன்னும் மழுங்கும், ஃபென்ஸ் இன்னும் திரும்பிக்கொண்டே போக வேண்டும். நாளைக்கு ஒருவர் வந்து, நல்ல பட்டையை மாட்டி, திரும்பி நிற்கும் ஃபென்ஸை ஒட்டித் தள்ளினால் அவருடைய பலகைதான் கோணும். "அவர் அப்படித்தான், நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்று ஒரு வீடு ஒரு ஆளுக்காகத் தன் வேலியைத் திருப்பி வைத்த பிறகு, நேராக நடக்கிற மருமகள் ஒருத்தி வந்து சேர்ந்தால் எல்லோருக்கும் அவள்தான் இடிப்பாள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எல்லாத் தவறுக்கும் கூடத்தையே கைகாட்டினால் ஆட்டத்தை யார் கற்றுக்கொள்வது? தம்பியின் வெட்டுகளில் சில, அவன் அவசரத்தால்தான் கெட்டன. ஒருமுறை போன் பேசிக்கொண்டே தள்ளி ஒரு நல்ல பலாப் பலகையை நாசமாக்கினான். எனக்கு மறக்கவில்லை. அப்படியானால் எது கை, எது இயந்திரம் என்று எப்படிப் பிரிப்பது?

பட்டறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே இயந்திரத்தில் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக அறுத்துப் பாருங்கள். ஒருவருடையது இடப்பக்கம், ஒருவருடையது வலப்பக்கம், ஒருவருடையது நடுவில் தொப்பை என்று சிதறினால் குறை கைகளில். எல்லோருடைய வெட்டும் ஒரே பக்கம், ஒரே அளவு கோணினால் கைகளை விட்டுவிட்டு மூடியைத் திறக்க வேண்டியதுதான். கையின் தவறு சிதறும். இயந்திரத்தின் தவறுக்குத் திசை உண்டு. ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை தோற்றால் ஒரு கேள்வி, ஒரே தெருப் பிள்ளைகள் வருடா வருடம் தோற்றால் வேறு கேள்வி.

அந்தப் பழமொழி இந்தச் சோதனையைச் செய்ய விடுவதில்லை. ஆடுகிறவள் கூடத்தைப் பற்றி வாய் திறந்தாலே அது அவளுக்கு ஆடத் தெரியாததற்குச் சாட்சியாகிவிடுகிறது. கூடத்தை யாரும் அளக்க வேண்டியதில்லை. அவளாவது அளந்து காட்டலாமே என்றால், கூடம் அவளுடையது இல்லை. பழமொழியின் பழைய வடிவத்தில் 'ஆடத் தெரியாதவள்' என்ற இடத்தில் இன்னும் கேவலமான ஒரு சொல் இருக்கும், நீங்களும் கேட்டிருப்பீர்கள். கூடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவரைப் பற்றிப் பழமொழியில் ஒரு வார்த்தை கிடையாது. என் பட்டறையிலும் மேல் சக்கரத்தின் திருகைத் தொடக் கூடாது என்று தம்பிக்கு உத்தரவு. இயந்திரம் விலை அதிகம், கெட்டுவிடும். கோணலை உணர்கிறவனுக்கு அதைத் திறந்து பார்க்க அனுமதி இல்லை. அனுமதி உள்ளவன் தள்ளுவதே இல்லை, அதனால் உணர்வதும் இல்லை.

தமிழில் நேர்மைக்கும் தச்சுவேலைக்கும் சொற்கள் பொதுவாக இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். கோடு என்றால் இன்று நமக்கு நேர்கோடு. வினையாக வந்தால் அதே சொல்லுக்கு வளைதல் என்று பொருள். அதிலிருந்து கோட்டம் வருகிறது: மரத்தின் வளைவுக்கும் அந்தச் சொல்தான், நீதிபதியின் பாரபட்சத்துக்கும் அந்தச் சொல்தான். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் இந்தச் சொல்லைச் சுற்றித்தான் சுழல்கிறது. 55ஆவது அதிகாரம் செங்கோன்மை, அடுத்தது கொடுங்கோன்மை, ஆக அரசன் கையில் இருப்பதும் ஒரு கோல்தான், நேரா வளைவா என்பதுதான் கேள்வி. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி போகிறார். தச்சன் பிடிக்கும் நூல் மரக்கோணலைப் போக்குவதுபோலப் படிக்கும் நூல் மனக்கோணலைப் போக்கும் என்கிறார். படிக்கும் நூல்களில் எனக்குக் குறைவில்லை, பட்டறையிலேயே ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. என்னுடைய கோணலைக் காட்டியது 2 நூல் கனம் கூடிப்போன ஒரு பலகை.

கோணல் மரம் என்றதும் காண்ட் நினைவுக்கு வராமல் போக மாட்டார். மனிதன் என்ற இத்தனை வளைந்த மரத்திலிருந்து முற்றிலும் நேரான எதையும் செய்துவிட முடியாது என்ற பொருளில் 1784-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். ஐசையா பெர்லின் 1990-இல் வெளிவந்த தன் புத்தகத்துக்கு அதிலிருந்தே தலைப்பு எடுத்துக்கொண்டார். மர வேலைக்காரனாக எனக்கு இதில் ஒரு சின்ன ஆட்சேபணை உண்டு. வளைந்த மரத்திலிருந்து நேரான பலகை எடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை. சேதாரம் ஆகும், அவ்வளவுதான். எடுக்க முடியாதது ரம்பம் கோணலாக இருக்கும்போது. காண்ட் அந்த இடத்தில் உண்மையில் கவலைப்படுவதும் அதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். மனிதனுக்கு மேலே ஒரு எஜமானன் வேண்டும், ஆனால் அந்த எஜமானனும் மனிதன்தானே, அவனுக்கு யார் எஜமானன் என்று கேட்கிறார். மட்டம் பார்க்கும் கருவியே கோணலாக இருந்தால் எதை வைத்துப் பார்ப்பது?

தத்துவத்தில் இதற்கு என்ன பதிலோ, மூலைமட்டத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. தம்பிதான் எனக்குக் காட்டினான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நேரான விளிம்பு உள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு போடு. பிறகு அதே மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே இடத்தில் இன்னொரு கோடு போடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால் தப்பு, விலகலில் பாதி அதன் குறை. இதற்கு வேறு எந்த உயர்ந்த மட்டமும் தேவையில்லை. திருப்பிப் போட்டால் போதும், ஒளிந்திருந்த குறை இரண்டு மடங்காகித் தெரியும்.

அன்றைக்கு அந்த உத்திரத்தை நான் அறுத்து, பலகை கெட்டு, தம்பி பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "சார், பிளேடு இழுக்குது, மாத்தணும்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருப்பேன். அவரும் தலையாட்டியிருப்பார். அதே வாக்கியம். அவன் வாயில் அது சாக்கு, என் வாயில் அது தொழில்நுட்பம். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த விலகல் இரண்டு நாள் கூலி அளவு.

பட்டையை மாற்றினேன். ஃபென்ஸை மேசைக்கு நேராக வைத்து ஓட்டினேன், பலகை இரு முனையிலும் ஒரே கனத்தில் விழுந்தது. வாடிக்கையாளரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "பரவால்ல, விடுங்க" என்றார். பையனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கெட்ட இரண்டு பலகைகளைக் குறுக்குச் சட்டங்களாக மாற்றிக் கதவைச் செய்து கொடுத்தேன். ரேகைகள் ஒரு ஜோடியில் மட்டும் பொருந்தின.

தம்பியைத் தேடிப் போனபோது அவன் ஒரு அலுமினியக் கதவு ஜன்னல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கடைக்கு வெளியே நின்று பேசினோம். ஆணி விஷயத்தைச் சொன்னேன். பூதக்கண்ணாடி, மழுங்கின பல், எல்லாம். அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணே. குப்பையில ஆணி கிடந்துச்சு. தலை புதுசா அறுபட்டிருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவன் பதில் சொல்லவில்லை. உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள், இருங்க வர்றேன் என்று குரல் கொடுத்தான். திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். இங்கே சம்பளம் மாதச் சம்பளம் என்றான். மன்னிப்பு என்ற சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, சொன்னேன். கொண்டுபோயிருந்த பணத்தைக் கொடுத்தேன். அவன் அதை அங்கேயே நின்று எண்ணினான்.

"ரெண்டு நாள் கூலிதானே பிடிச்சீங்க. இதுல ஐநூறு கூட இருக்கு."

"இருக்கட்டும் தம்பி."

"வேணாம்ணே" என்று அந்த ஒரு தாளை மட்டும் என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அந்தக் கட்டை கிடந்தா எடுத்து வைங்க, அப்பா செஞ்சு குடுத்தது" என்றான்.